இடைவெளியில்தான் தங்குகிறது: எதிர்பாராத கர்ப்பம் பற்றி ஓர் எளிய விளக்கம்

கர்ப்பத்தடைக் குளிசை அட்டை வியாழக்கிழமை முடிகிறது. கிளினிக் அடுத்த புதன்கிழமைதான். சந்தியில் இருக்கிற ஃபார்மசிக்காரர் மாமியாருக்குத் தெரிந்தவர், அங்கே போய்க் கேட்க மனம் வராது. வெள்ளி தொடங்கிச் செவ்வாய் வரை ஐந்து நாள் கழிகிறது. அடுத்த மாதம் மாதவிடாய் பிந்துகிறது.

ஒன்றும் தெரியாதவர்களுக்குத்தான் எதிர்பாராமல் பிள்ளை தங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கர்ப்பத்தடை முறை ஒன்றைக் கையில் வைத்திருப்பவர்களுக்கும் தங்கும், மேலே சொன்னது போன்ற சின்ன இடைவெளிகளில். ஓர் அட்டைக்கும் மறு அட்டைக்கும் நடுவில், பிள்ளைப்பேற்றுக்கும் முதல் மாதவிடாய்க்கும் நடுவில், சனி இரவுக்கும் திங்கள் காலைக்கும் நடுவில். இந்த இடைவெளிகள் எங்கே விழுகின்றன, அவற்றை எப்படி அடைப்பது என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் ஒரு சொல். எதிர்பாராத கர்ப்பம் என்பதில் இரண்டு வகை உண்டு: இனிப் பிள்ளையே வேண்டாம் என்றிருக்கும்போது வருவது, வேண்டும் ஆனால் இப்போது வேண்டாம் என்றிருக்கும்போது வருவது. இரண்டாவது வகையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இலங்கையில் 2016ஆம் ஆண்டு நடந்த குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, மணமான பெண்களில் 100க்கு ஏறத்தாழ 65 பேர் ஏதோ ஒரு முறையைப் பயன்படுத்துகிறார்கள். 7 அல்லது 8 பேர் பிள்ளை வேண்டாம் அல்லது தள்ளிப்போட வேண்டும் என்கிறார்கள், ஆனால் எந்த முறையிலும் இல்லை. முறையில் இருக்கும் 65 பேரிலும் சுமார் 11 பேர் நம்பியிருப்பது நாள் கணக்கையும், கடைசி நேரத்தில் வெளியே எடுப்பதையும்தான்.

நாள் கணக்கு ஏன் ஏமாற்றுகிறது

பெண்ணின் முட்டை வெளிவந்த பின் 12 முதல் 24 மணித்தியாலம்தான் உயிரோடு இருக்கும். ஆணின் விந்தணுவோ உள்ளே 5 நாள் வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே ஒரு மாதத்தில் பிள்ளை தங்கக்கூடிய நாட்கள் ஏறத்தாழ 6: முட்டை வரும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களும்.

சிக்கல், அந்த 6 நாள் எது என்பதில் இருக்கிறது. 'மாதவிடாய் வந்து பதினாலாம் நாள்' என்று ஒரு கணக்கு எல்லாருக்கும் மனப்பாடம். அது 28 நாள் சுற்று உள்ளவருக்கு மட்டும் பொருந்தும். முட்டை வருவது அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ 14 நாள் முன்பு. பின்னாலிருந்து எண்ண வேண்டிய கணக்கு அது, அடுத்த மாதவிடாய் எப்போது வரும் என்பதோ வந்த பிறகுதான் தெரியும். ஒருவரின் சுற்று ஒரு மாதம் 26 நாளாகவும் இன்னொரு மாதம் 35 நாளாகவும் இருந்தால், முட்டை 12ஆம் நாளும் வரலாம், 21ஆம் நாளும் வரலாம். முந்திய ஐந்து நாளையும் சேர்த்தால் 7ஆம் நாளிலிருந்து 21ஆம் நாள் வரை ஆபத்து நாட்கள். மாதத்தில் பாதி போய்விட்டது. பரீட்சை, காய்ச்சல், நித்திரைக் குறைவு என்று ஏதாவது வந்தால் முட்டை இன்னும் பிந்தலாம்.

வெளியே எடுக்கும் முறையில் இருக்கும் 100 தம்பதிகளில் ஓராண்டுக்குள் 20 பேர் வரை கர்ப்பமாகிறார்கள். ஒன்றுமே செய்யாவிட்டால் 85. இருபது என்பது எண்பத்தைந்தைவிடக் குறைவுதான். ஆனால் 'எங்களுக்கு இது சரிவருகிறது' என்று சொல்பவர்கள், இன்னும் அந்த இருபதில் ஒருவராக வராதவர்கள்.

நூறு பேரில் எத்தனை

எந்த முறைக்கும் இரண்டு எண் உண்டு. புத்தகத்தில் சொன்னபடி தவறாமல் பயன்படுத்தினால் வருவது ஒன்று. சாதாரண மனிதர்கள் பயன்படுத்தும்போது வருவது இன்னொன்று. குளிசையைத் தவறாமல் போடும் 100 பேரில் ஓராண்டில் ஒருவர்கூடக் கர்ப்பமாவது அரிது. நடைமுறையில் 7 பேர். ஆணுறைக்கு 2, நடைமுறையில் 13. மூன்று மாத ஊசிக்கு நடைமுறையில் 4. கர்ப்பப்பைக்குள் வைக்கும் லூப்புக்கு 1க்கும் குறைவு, கையில் வைக்கும் குச்சிக்கு 1000 பேரில் ஒருவர். லூப்பிலும் குச்சியிலும் இரண்டு எண்ணும் ஏறத்தாழ ஒன்றே, ஏனென்றால் வைத்த பிறகு மறக்க ஒன்றுமில்லை. குளிசையின் 7, மருந்தின் பலவீனமில்லை. மறந்த நாட்களும் முடிந்த அட்டைகளும் அதில் இருக்கின்றன.

குளிசை: ஏழு நாளுக்கு மேல் போகக்கூடாது

பொதுவாகக் கிடைக்கும் கலவைக் குளிசை அட்டையில் 28 குளிசை. 21இல் ஹோர்மோன் இருக்கிறது, மிச்சம் 7 வேறு நிறத்தில், இரும்புச்சத்து மட்டும். அந்த ஏழு நாளில் உடம்புக்கு ஹோர்மோன் போவதில்லை, அதனால்தான் இரத்தப்போக்கு வருகிறது. சூலகம் ஏழு நாள் ஓய்வைத் தாங்கும். எட்டாம், ஒன்பதாம் நாள் என்று நீண்டால் விழித்துக்கொண்டு முட்டையை வளர்க்கத் தொடங்கிவிடும்.

இப்போது முதலில் சொன்ன பெண்ணின் கணக்கைப் பாருங்கள். வியாழனோடு முடிந்த அட்டையின் கடைசி ஏழும் இரும்புக் குளிசை. அதன்பின் வெள்ளி முதல் செவ்வாய் வரை ஒன்றுமில்லை. 'ஐந்து நாள்தானே விட்டேன்' என்று அவர் நினைக்கிறார். உடம்பின் கணக்கில் அது 12 நாள். அட்டையின் நடுவில் ஒரு குளிசை மறப்பதைவிட, புதிய அட்டையைப் பிந்தித் தொடங்குவது பல மடங்கு ஆபத்து. பெரும்பாலானோருக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

ஒரு குளிசை தவறினால் நினைவு வந்த உடனே போடுங்கள், ஒரே நாளில் இரண்டு விழுங்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை. இரண்டு அல்லது அதற்கு மேல் தவறினால், கடைசியாகத் தவறியதை மட்டும் போட்டுவிட்டு அட்டையைத் தொடருங்கள், ஏழு நாளுக்கு ஆணுறையும் சேர வேண்டும். இது மூன்றாம் வாரத்தில் நடந்தால், இரும்புக் குளிசை ஏழையும் விட்டுவிட்டு நேரே புதிய அட்டையைத் தொடங்குங்கள். முதல் வாரத்தில் நடந்து, முந்திய ஐந்து நாளுக்குள் உறவும் இருந்திருந்தால், கீழே சொல்லப்படும் அவசரக் குளிசை தேவைப்படும். விழுங்கி இரண்டு மணித்தியாலத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும்.

காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டோயின், கார்பமசெபின் ஆகியவை குளிசையின் வேலையைக் கெடுக்கும். தடிமன், தொண்டைநோவுக்குத் தரும் சாதாரண அன்டிபயோட்டிக் கெடுக்காது. 35 வயதுக்கு மேல் புகைப்பவர்கள், இரத்த அழுத்தம் 140/90க்கு மேல் உள்ளவர்கள், கண்ணில் ஒளிக்கீற்று தோன்றிப் பிறகு ஒற்றைத் தலைவலி வருபவர்கள், காலில் இரத்தம் கட்டியவர்கள், ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுப்பவர்கள் ஆகியோருக்குக் கலவைக் குளிசை ஏற்றதல்ல. பிரஷர் பார்க்காமல் கூட்டாளியின் அட்டையைக் கடன் வாங்கிப் போடுவது கூடாது.

ஊசி, குச்சி, லூப்

மூன்று மாத ஊசி 150 மில்லிகிராம், தசைக்குள் போடுவது. போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, மருந்து சீக்கிரம் கரைந்துவிடும். அடுத்தது 13 வாரத்தில். திகதி தவறிவிட்டதே, இனிப் போனால் ஏசுவார்கள் என்று பலர் போகாமலே விடுகிறார்கள். அது வீண் பயம்: உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலின்படி நான்கு வாரம் பிந்தினாலும் ஊசியைப் போடலாம். அதற்கும் மேல் பிந்தினால், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துவிட்டுப் போடலாம், ஏழு நாள் ஆணுறையோடு.

ஊசியை நிறுத்துவதற்குப் பெரும் காரணம் இரத்தப்போக்கு மாறுவது. முதல் மாதங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படும், ஓராண்டில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மாதவிடாய் நின்றே போகும். 'கெட்ட இரத்தம் உள்ளே தேங்குகிறது' என்று வீட்டில் சொல்வார்கள். தேங்க அங்கே ஒன்றும் இல்லை. கர்ப்பப்பையின் உள்தோல் தடிக்காததால் உரிந்து வருவதற்கும் ஒன்றுமில்லை. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெண்கள் தாங்கிக்கொள்கிறார்கள், சொல்லாமல் விட்டால் இரண்டாவது ஊசிக்கு வரமாட்டார்கள். இன்னொன்று: நிறுத்திய பிறகு பிள்ளை தங்கச் சில மாதம் பிந்தும். அடுத்த வருடமே பிள்ளை வேண்டும் என்பவர் வேறு முறை பார்ப்பது நல்லது.

கையில் வைக்கும் ஜடெல் இரண்டு மெல்லிய குச்சி, தீக்குச்சி நீளம். மேற்கையின் உட்புறத்தில், தோலுக்கு நேர் கீழே, விறைப்பு ஊசி போட்டு வைப்பார்கள். ஐந்து ஆண்டு வேலை செய்யும், விரலால் தடவினால் தட்டுப்படும். வேண்டாம் என்றால் எப்போதும் எடுக்கலாம். ஐந்தாம் ஆண்டு முடியும் திகதியை மறந்துபோவதுதான் இதில் வரும் பிழை.

லூப் என்று சனம் சொல்வது பெரும்பாலும் செப்புக் கம்பி சுற்றிய டி வடிவத் துண்டு. பத்து ஆண்டு இருக்கும், ஹோர்மோன் கிடையாது, எடுத்தவுடன் பிள்ளைப்பேறு திரும்பும். முதல் சில மாதம் மாதவிடாய் அதிகமாகப் படும், வயிற்றுவலி வரும். இரத்தச்சோகை கடுமையாக இருந்தால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும். தானாகவே வெளியே நழுவுவதும் உண்டு, அதுவும் தொடக்க மாதங்களில். அதனால்தான் மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் ஒருமுறை வரச் சொல்கிறார்கள். வயிற்றுக்குள் ஏறி நெஞ்சுக்குப் போய்விடும் என்ற கதைக்கு அடிப்படையில்லை: கர்ப்பப்பையிலிருந்து நெஞ்சுக்கு வழி கிடையாது.

ஆணுறை பற்றி ஒரே ஒரு விஷயம். தேங்காய் எண்ணெய் இல்லாத வீடு எங்களூரில் இல்லை, வழுக்கலுக்கு அதுவே கைக்கு வரும். எண்ணெயும் வசிலினும் ரப்பரை நிமிடக் கணக்கில் நலிவடையச் செய்துவிடும். தண்ணீர் சேர்ந்த வழுக்குக் களிம்பைத்தான் பூச வேண்டும். பேர்ஸிலும் ஆட்டோவின் முன்தட்டிலும் மாதக்கணக்கில் வெந்துகொண்டிருக்கும் பாக்கெட்டை எறிந்துவிடுங்கள். பால்வினை நோயையும் தடுப்பது ஆணுறை ஒன்றுதான்.

பிள்ளை பெற்ற பிறகு

மிகவும் ஏமாற்றும் இடைவெளி இது. பால் கொடுப்பது கர்ப்பத்தைத் தடுக்கும் என்பது உண்மைதான், ஆனால் மூன்று நிபந்தனையோடு: பிள்ளைக்கு ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும், தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் கொடுக்கக் கூடாது, மாதவிடாய் இன்னும் வந்திருக்கக் கூடாது. மூன்றும் இருந்தால் 100க்கு 98 பேருக்குப் பாதுகாப்பு. பகலில் நான்கு மணித்தியாலத்துக்கும் இரவில் ஆறு மணித்தியாலத்துக்கும் மேல் பால் கொடுக்காமல் விட்டாலும் உத்தரவாதம் இல்லை. பிரசவ லீவு முடிந்து வேலைக்குப் போய், பிள்ளைக்குப் புட்டிப்பால் பழக்கிய வாரத்திலேயே அது கலைகிறது.

பால் கொடுக்காதவருக்கு நான்கு வாரத்திலேயே முட்டை வரக்கூடும். முட்டை முதலில், மாதவிடாய் பிறகு. 'மாதவிடாய் இன்னும் வரவில்லையே' என்று காத்திருந்து, அதைக் காணாமலேயே அடுத்த பிள்ளையைச் சுமந்தவர்கள் இருக்கிறார்கள். லூப்பைப் பிரசவத்துக்குப் பின் 48 மணித்தியாலத்துக்குள் ஆஸ்பத்திரியிலேயே வைக்கலாம், தவறினால் நான்கு வாரத்துக்குப் பிறகு. கைக்குச்சியைப் பால் கொடுக்கும் தாய்க்கும் வைக்கலாம். கர்ப்பகாலக் கிளினிக்கிலேயே இதைப் பேசிவைத்தால், பிள்ளையோடு வீடு வந்து தூக்கமில்லாமல் இருக்கும் வாரங்களில் அலைய வேண்டியதில்லை.

அவசரக் குளிசை

லெவோனோஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே தடவை. ஃபார்மசியில் போஸ்டினோர் என்று கேட்பார்கள். 72 மணித்தியாலத்துக்குள் என்று பெட்டியில் இருக்கும், ஆனால் மூன்று நாள் இருக்கிறதே என்று ஆறுதலாக இருக்கக் கூடாது. முட்டை வருவதைத் தள்ளிப்போடுவதுதான் இதன் வேலை. முட்டை ஏற்கெனவே வந்துவிட்டால் பயனில்லை. சனி இரவுக்கு ஞாயிறு காலை போடுவதும் செவ்வாய் போடுவதும் ஒன்றல்ல. ஏற்கெனவே தங்கிய கர்ப்பத்தை இது கலைக்காது. உடல் எடை அதிகமுள்ளவர்களில் பயன் குறையும்.

இதில் அதிகம் நடக்கும் பிழை வேறு. குளிசை முட்டையைச் சில நாள் தள்ளி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த முட்டை பிறகு வரும். அதே மாதத்தில் மீண்டும் பாதுகாப்பில்லாமல் உறவு கொண்டால், பிள்ளை தங்கும் வாய்ப்பு அப்படியே இருக்கிறது. ஐந்து நாளுக்குள் செப்பு லூப் வைத்துக்கொள்வது குளிசையைவிட வலுவான அவசர வழி, தொடர்ந்து பத்து ஆண்டுக்கும் உதவும். அதை அவசரத்துக்குக் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

கொழும்பில் எங்கே, யாருக்கு எட்டுவதில்லை

அரசாங்கக் கிளினிக்கில் இவை பெரும்பாலும் இலவசம். கொழும்பு மாநகர எல்லைக்குள் மாநகர சபையின் சுகாதாரத் திணைக்களம் தாய் சேய் கிளினிக்குகளை நடத்துகிறது. தெஹிவளை, கொலன்னாவை போன்ற வெளிப்பகுதிகளில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. பொரளைப் பக்கம் டி சொய்சா, காசல் வீதி பெண்கள் ஆஸ்பத்திரிகள். 1953இல் தொடங்கிய குடும்பத் திட்டச் சங்கம் கொழும்பு 7, புல்லர்ஸ் லேனில் இருக்கிறது. பலகை சிங்களத்தில் மட்டும் இருந்தால் 'பவுல் செலசும் சாயனய' என்று கேளுங்கள், குடும்பத் திட்டக் கிளினிக்கைக் காட்டுவார்கள்.

இந்த அமைப்பின் அச்சாணி மிட்வைஃப் மிஸ். தன் பகுதியில் உள்ள தம்பதிகளின் பதிவேடு அவர் கையில். கர்ப்பத்திலும் பிரசவத்தின் பின்பும் வீட்டுக்கே வருவார். நல்ல அமைப்பு, ஆனால் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான். கொழும்பு வெளியூர்ச் சனத்தின் ஊர். வெள்ளவத்தையில் வருடத்துக்கு ஒரு ஃபிளாட் மாறும் குடும்பம், போர்டிங்கில் இருந்து வேலைக்குப் போகும் பிள்ளைகள், புறக்கோட்டைக் கடைகளுக்கு மலையகத்திலிருந்து வந்தவர்கள் ஆகியோர் எந்த மிஸ்ஸின் பட்டியலிலும் இல்லாமல் போகிறார்கள். வீடு மாறினால் கிராம சேவகரிடம் போவதைப் போலவே மிஸ்ஸிடமும் பெயர் கொடுக்க வேண்டும். மணமாகாதவர்களை இந்தப் பதிவேடு ஏறக்குறைய காண்பதே இல்லை. அவர்களுக்குக் குடும்பத் திட்டச் சங்கமும் தனியார் வைத்தியரும் ஃபார்மசியும்தான் நடைமுறை வழி. மணமாகாத பெண்ணிடம் 'கலியாணம் முடித்தாச்சா' என்று வரிசையில் எல்லார் முன்னும் கேட்பதைவிடக் கிளினிக்கைக் காலியாக்கும் கேள்வி வேறில்லை.

லூப்புக்கோ ஊசிக்கோ கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்பதில்லை. எல்ஆர்டி எனப்படும், பெண்ணின் சூலகக் குழாய்களைக் கட்டும் நிரந்தர முறைக்கு மட்டும் வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை பற்றிச் சுகாதார அமைச்சின் நிபந்தனைகள் உண்டு, எழுத்தில் சம்மதமும் வேண்டும். பிரசவ வலியில் இருக்கும்போது நீட்டப்படும் தாளில் போடுவது சம்மதமே அல்ல. ஆண்களுக்கான வசக்டமி இதைவிடச் சின்னச் சத்திரசிகிச்சை. செய்த பின் மூன்று மாதத்துக்கு வேறு முறை தேவை, குழாயில் மிஞ்சிய விந்தணு வெளியேற அவ்வளவு காலம் வேண்டும்.

வதந்தியும் ஓர் இடைவெளிதான். 2018இல் அம்பாறையில் ஒரு கடைச் சாப்பாட்டில் மலட்டுக் குளிசை கலந்ததாகக் கதை கிளம்பிக் கலவரமானது. அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வில் அது மாவுக்கட்டி என்று தெரிந்தது. தின்றால் நிரந்தரமாக மலடாக்கும் குளிசை உலகத்தில் எங்கும் இல்லை. ஆனால் அப்படி ஒரு பயம் பரவியபின் நல்ல குளிசையையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

நாள் பிந்தினால்

மாதவிடாய் பிந்திய முதல் நாளிலேயே சிறுநீர்ப் பரிசோதனை செய்யலாம். காலை முதல் சிறுநீர் நல்லது. இல்லை என்று காட்டி மாதவிடாயும் வராவிட்டால் ஒரு வாரத்தில் மறுபடி. அவசரக் குளிசை போட்டவர் மூன்று வாரத்தில் கட்டாயம் பார்க்க வேண்டும்.

1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பாற்ற அன்றிக் கருக்கலைப்பு இலங்கையில் குற்றம். அதனால் அது நடக்காமல் இல்லை, மறைவில் நடக்கிறது. எங்கே, எப்படி நடந்திருந்தாலும் காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு, ஒரு மணித்தியாலத்தில் இரண்டு பேட் நனையும் அளவு இரத்தப்போக்கு, மயக்கம் இவற்றில் ஒன்று கண்டால் உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பப்பைக்குள் மிச்சம் தங்கிக் கிருமி பிடித்தால் மணித்தியாலக் கணக்கில் இரத்தத்தில் ஏறும். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். வைத்தியரிடம் எத்தனை வாரம், என்ன குளிசை, எப்போது என்று உள்ளதைச் சொன்னால்தான் சரியான மருந்து கிடைக்கும். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் முன், அடுத்துப் பயன்படுத்தும் கர்ப்பத்தடை முறையையும் அங்கேயே கேளுங்கள்: கருக்கலைந்த பின் இரண்டே வாரத்தில் மறுபடி முட்டை வரலாம்.